கடற்கரையைத் தவிர்த்து கோவாவில் நான்கு நாள்: எந்த வரலாற்று இடங்களை, எந்த வரிசையில் பார்ப்பது?

வைகறைப்பயணி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வரும் டிசம்பர் முதல் வாரத்தில் நான், என் மனைவி, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், எழுபது வயதைக் கடந்த என் தாயார் ஆகிய நால்வரும் கோவாவுக்குச் செல்லவிருக்கிறோம். எங்களுக்குக் கிடைப்பது முழுமையாக நான்கு நாள். கடலில் குளிப்பதோ இரவு நேரக் கொண்டாட்டங்களோ எங்கள் நோக்கம் அல்ல. மகளுக்குக் கோட்டைகளைப் பார்க்க வேண்டும். தாயாருக்கு மங்கேஷி கோவிலைத் தரிசிக்க வேண்டும். எனக்கோ பழைய கோவா என்று சொல்லப்படும் அந்தக் கைவிடப்பட்ட தலைநகரை நிதானமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருக்கிறது.

பயண நிறுவனங்கள் தரும் திட்டங்களைப் பார்த்தால், வடகோவாவுக்கு ஒரு நாள், தென்கோவாவுக்கு ஒரு நாள் என்று பிரித்து, ஒரே நாளில் ஒன்பது பத்து இடங்களை அடுக்கியிருக்கிறார்கள். பழைய கோவாவுக்கு அதில் ஒதுக்கப்படும் நேரம் முக்கால் மணி. அது போதுமா? நிலப்படத்தைப் பார்க்கும்போது எனக்கு இன்னொரு ஐயமும் எழுகிறது. பெரிய தேவாலயங்கள் எல்லாம் ஆற்றின் ஒரு பக்கத்திலும், பெயர் பெற்ற கோவில்கள் எல்லாம் போண்டாவைச் சுற்றியும் நெருக்கமாக அமைந்திருப்பது ஏன்? புனித அகுஸ்தினார் ஆலயத்தின் பாதி நிற்கும் கோபுரம் போரில் இடிந்ததா? தாயாருக்கு முழங்கால் வலி இருப்பதால் அதிகம் படி ஏற இயலாது. அவரையும் அழைத்துச் செல்லத்தக்க கோட்டை எது என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

செம்புரைக்கல் (மறுமொழி):

வணக்கம். பணி நிமித்தமாகப் பனாஜியில் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தவன் என்ற முறையில், முதலில் நாளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. டிசம்பர் 3 புனித சவேரியாரின் திருநாள். அதற்கு முந்தைய ஒன்பது நாளும் நவநாள் வழிபாடு நடைபெறும் என்பதால், பழைய கோவாவில் வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்காத அளவுக்குக் கூட்டம் கூடும். அந்தத் திருவிழாவைக் காண்பதுதான் உங்கள் விருப்பம் என்றால் அது வேறு. கட்டடங்களை அமைதியாகப் பார்க்க வேண்டுமென்றால், டிசம்பர் 5ஆம் தேதிக்குப் பிறகு அங்கே செல்லுங்கள். 8ஆம் தேதி பனாஜியின் அமலோற்பவ மாதா ஆலயத்துக்குத் திருநாள். அந்த ஆலயத்தைச் சுற்றிச் சிறிய சந்தையே கூடும். மகளுக்கு அது பிடிக்கக்கூடும்.

முக்கால் மணி நேரம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொம் ஜேசு பசிலிக்காவுக்குள் வரிசையில் நின்று சவேரியாரின் வெள்ளிப் பேழையை அண்ணாந்து பார்த்துவிட்டு வெளியே வருவதற்கே அது சரியாக இருக்கும். பழைய கோவாவுக்குக் குறைந்தது ஒரு முழு முற்பகலும், இயன்றால் மாலையில் இன்னும் ஒரு மணி நேரமும் வேண்டும். காலை எட்டரை மணிக்குள் அங்கே இருங்கள். பத்தரை மணிக்குப் பிறகு சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறங்கத் தொடங்கிவிடும்.

அந்த ஊரை விளங்கிக்கொள்ள, அது ஏன் கைவிடப்பட்டது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. பிஜப்பூர் சுல்தான்களின் துறைமுகமாக இருந்த இந்த ஊரைப் போர்த்துக்கீசியத் தளபதி அபோன்சோ டி அல்புகெர்க் 1510ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிடித்து, சில மாதங்களில் இழந்து, நவம்பர் 25ஆம் நாள் மீண்டும் பிடித்தார். அன்று புனித கத்தரீனாளின் திருநாள் என்பதால்தான் ஊரின் மிகப் பெரிய ஆலயமான செ பேராலயம் அந்தப் புனிதையின் பெயரில் எழுந்தது. 1562இல் தொடங்கிய அதன் கட்டுமானம் முடிவதற்கு 1619 ஆகிவிட்டது. முகப்பில் இரண்டு கோபுரங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று 1776இல் விழுந்துவிட்டது, திரும்பக் கட்டவில்லை. அதனால் முகப்பு ஒரு பக்கம் கனத்தும் மறுபக்கம் வெறுமையாகவும் இருக்கும். எஞ்சிய கோபுரத்தில்தான் ‘பொன்மணி’ என்று அழைக்கப்படும் பெரிய மணி தொங்குகிறது.

இப்படிப்பட்ட ஆலயங்களைக் கட்டிய நகரத்தை எந்தப் படையும் அழிக்கவில்லை. அதை வெறுமையாக்கியது நோய்தான். சதுப்பு நிலத்துக்கு அருகில், நல்ல குடிநீர் வசதி இல்லாமல் நெருக்கமாகப் பெருகிய ஊரில் காலராவும் மலேரியாவும் அடுத்தடுத்துப் பரவின. மக்கள் விலகிச் சென்றார்கள். 1759இல் வைஸ்ராய் தம் இருப்பிடத்தையே பனாஜிக்கு மாற்றிக்கொண்டார். 1843இல் பனாஜி முறைப்படி தலைநகரானது. இடையில் 1835இல் துறவற சபைகள் கலைக்கப்பட்டதால், மடங்களைப் பேணுவதற்கும் ஆள் இல்லாமல் போயிற்று.

அகுஸ்தினார் கோபுரத்துக்கான விடையும் இதில்தான் இருக்கிறது. 1602இல் எழுந்த அந்த ஆலயம் துறவிகள் வெளியேறியதும் கவனிப்பாரற்றுப் போய், 1842இல் அதன் கூரை வளைவு உள்ளே இடிந்து விழுந்தது. முகப்பின் பெரும்பகுதி 1931இல் சரிந்தது. இன்று ஏறத்தாழ 46 மீட்டர் உயரத்துக்குச் செம்புரைக்கல்லால் ஆன ஒற்றைக் கோபுரத்தின் பாதி மட்டும் நிற்கிறது. அதாவது, நீங்கள் பார்ப்பது போரின் விளைவை அல்ல, நூற்றாண்டு மழையின் விளைவை. அதன் மணியும் சும்மா இருக்கவில்லை. சில காலம் அகுவாடா கலங்கரை விளக்கத்தில் இருந்துவிட்டு, 1871இல் பனாஜியின் அமலோற்பவ மாதா ஆலயத்துக்கு வந்து சேர்ந்தது. இன்றும் அங்கேதான் ஒலிக்கிறது.

இந்த இடிபாடுகளில் உங்கள் மகளுக்குச் சொல்ல ஒரு கதை உண்டு. ஜார்ஜியா நாட்டு அரசி கெத்தவான், மதம் மாற மறுத்ததால் 1624இல் ஈரானின் ஷிராஸ் நகரில் முதலாம் ஷா அப்பாஸின் ஆணைப்படி கொல்லப்பட்டார். அவருடைய எலும்புகளில் ஒரு பகுதியை அகுஸ்தினார் சபைத் துறவிகள் கோவாவுக்குக் கொண்டு வந்ததாகப் பழைய குறிப்புகள் கூறின. இந்தியத் தொல்லியல் துறை இந்த இடிபாடுகளில் அகழ்ந்தெடுத்த எலும்பை, ஐதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தினர் மரபணுச் சோதனைக்கு உட்படுத்தி, அது இந்திய மரபைச் சேர்ந்தது அல்ல, ஜார்ஜியப் பகுதியைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்புள்ளது என்று கண்டறிந்தார்கள். 2021இல் அந்தத் திருப்பண்டத்தின் ஒரு பகுதியை இந்திய அரசு ஜார்ஜியாவுக்கு வழங்கியது. சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் நிற்காத இடம் இது. தரை ஓரளவு சமமாக இருப்பதால் உங்கள் தாயாரும் மெதுவாக நடந்து வரலாம்.

பொம் ஜேசு பசிலிக்காவைப் பற்றி ஒன்றே ஒன்று. 1594இல் தொடங்கி 1605இல் அர்ச்சிக்கப்பட்ட அந்த ஆலயம் இன்று சிவந்த கல் தெரிய நிற்பதைப் பார்த்து, அதுதான் அதன் பழைய தோற்றம் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அதற்கு மேல் சுண்ணக்காரை பூசப்பட்டிருந்தது. 1950களில்தான் அந்தப் பூச்சு அகற்றப்பட்டது. மழையில் கரையும் தன்மையுள்ள செம்புரைக்கல்லை இப்படித் திறந்து வைத்தது தவறு, மறுபடியும் காரை பூச வேண்டும் என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. என்னைக் கேட்டால் பூசத்தான் வேண்டும். படத்தில் அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு சுவரை மழைக்குக் காவு கொடுக்க முடியாது. உள்ளே சவேரியாரின் பேழையைத் தாங்கும் பளிங்கு மேடை, தஸ்கனி நாட்டின் கோமான் மூன்றாம் கோசிமோ மெதிச்சியின் கொடை. புளோரன்ஸ் நகரச் சிற்பி பொஜ்ஜினி செய்து அனுப்பிய அது 1698இல் இங்கே பொருத்தப்பட்டது. மேலே இருக்கும் வெள்ளிப் பேழையோ கோவாவின் தட்டார்கள் செய்தது. பேழையைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் மேடையின் வெண்கலப் புடைப்புச் சிற்பங்களைப் பார்க்காமலே நகர்ந்துவிடுகிறார்கள். திருவுடலைக் கீழே இறக்கி மக்கள் பார்வைக்கு வைப்பது பத்து ஆண்டுக்கு ஒருமுறைதான். கடைசியாக அது 2024 நவம்பரில் தொடங்கி 2025 சனவரியில் முடிந்தது.

அசிசியார் ஆலயத்தை ஒட்டிய தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள். மற்றவற்றை நேரம் இருப்பதைப் பொறுத்து நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

சுவடிக்காரர் (மறுமொழி):

செம்புரைக்கல் அவர்கள் சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடே. ஆனால், கைவிடப்பட்ட நகரத்தின் கதையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினால் கோவாவின் வரலாற்றில் பாதிதான் கிடைக்கும். வைகறைப்பயணி அவர்களின் இரண்டாவது கேள்விதான் மறுபாதிக்கான வாசல்.

இன்றைய கோவா முழுவதும் 451 ஆண்டுகள் போர்த்துக்கீசியரிடம் இருந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியன்று. பதினாறாம் நூற்றாண்டில் அவர்கள் கைக்கு வந்தவை கடலை ஒட்டிய திஸ்வாடி, பார்தேஸ், சால்செத் ஆகிய மூன்று பகுதிகள்தாம். இவற்றைப் ‘பழைய வெற்றிப் பகுதிகள்’ என்பார்கள். போண்டா, பிச்சோலிம், சத்தாரி, பெர்ணெம், கேப்பெம், சாங்கெம், காணகோணா ஆகியவை பதினெட்டாம் நூற்றாண்டில் சேர்ந்த ‘புதிய வெற்றிப் பகுதிகள்’. போண்டா அவர்கள் வசமானது 1763இல். இரண்டுக்கும் இடையில் இரண்டு நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது. பழைய பகுதிகளில் 1540 முதல் 1560கள் வரை கோவில்கள் வரிசையாக இடிக்கப்பட்டன. 1560இல், கத்தோலிக்க நெறியிலிருந்து விலகியதாகக் கருதப்பட்டவர்களை விசாரித்துத் தண்டித்த மதவிசாரணை மன்றமும் வந்துவிட்டது. அது நிரந்தரமாகக் கலைக்கப்பட்டது 1812இல்தான். ஆனால், ஆற்றைக் கடந்தால் போண்டா வேறு அரசரின் ஆட்சியில் இருந்தது. எனவே, மக்கள் தங்கள் தெய்வத் திருமேனிகளை இரவோடு இரவாகத் தோணியில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டு சென்றார்கள்.

உங்கள் தாயார் தரிசிக்க விரும்பும் மங்கேஷியின் மூல இடம் சுவாரி ஆற்றின் தென்கரையில் உள்ள கொர்த்தலிம். அதன் பழைய பெயர் குசஸ்தலி. லிங்கம் 1560இல் அங்கிருந்து போண்டாப் பகுதியில் உள்ள பிரியோலுக்கு வந்தது. கவளெயில் உள்ள சாந்ததுர்கை, கெலோசிம் என்ற ஊரிலிருந்து வந்தவள். மார்தோலில் உள்ள மஹாலசாவின் சொந்த ஊர் வெர்ணா. இந்த மூன்று மூல ஊர்களும் இன்றைய வரைபடத்தில் ஒன்றுக்கொன்று அருகிலேயே இருக்கின்றன. மூன்று தெய்வங்களும் குடியேறிய ஊர்களும் அப்படியே. உங்கள் நிலப்படத்தில் நீங்கள் கண்ட நெருக்கம் ஓர் அகதிக் குடியிருப்பின் நெருக்கம்.

கட்டட அமைப்பைப் பார்க்கும்போதும் இதை மனத்தில் வையுங்கள். முதலில் இவை எளிய கொட்டகைகளாகவே இருந்திருக்கும். மராட்டியர் செல்வாக்கு ஓங்கிய பதினெட்டாம் நூற்றாண்டில்தான் இன்று காணும் கோவில்கள் எழுந்தன. சாந்ததுர்கை கோவிலைக் கட்டுவதற்குச் சத்திரபதி ஷாகுவின் அமைச்சர் நாரோ ராம் பேருதவி செய்தார். நம் பக்கத்துக் கோபுரத்தையோ பிராகாரத்தையோ எதிர்பார்த்துச் செல்பவர்களுக்கு இவை முதலில் திகைப்பைத் தரும். கருவறைக்கு மேல் குவிமாடம், சுவரில் ரோமானிய வளைவுச் சன்னல், மண்டபத்தில் கண்ணாடிச் சரவிளக்கு, முற்றத்தில் ஏழு நிலை கொண்ட வெள்ளைத் தீபஸ்தம்பம் என்று எல்லாம் கலந்திருக்கும். எந்தக் கட்டடக்கலையிடமிருந்து தப்பி ஓடி வந்தார்களோ அதே கலையின் கூறுகளை இரு நூறு ஆண்டு கழித்துத் தங்கள் கோவிலிலேயே சேர்த்துக்கொண்டார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது. மஹாலசா கோவிலில் தீபஸ்தம்பத்தோடு உயரமான பித்தளை விளக்குத் தூண் ஒன்றும் உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். மங்கேஷியில் ஆடைக் கட்டுப்பாடு இருக்கிறது. மகளும் நீங்களும் முழங்கால் மறையும் ஆடையில் சென்றால் சிக்கல் இல்லை.

போண்டாவிலேயே சபா மசூதியையும் கால் மணி நேரம் பாருங்கள். பிஜப்பூர் ஆட்சியில் 1560இல் கட்டப்பட்ட சிறிய மசூதி அது. மங்கேஷியின் லிங்கம் தோணியேறிய அதே ஆண்டு! அருகில் இருக்கும் படிக்கட்டுக் குளம் மசூதியை விட அழகாக இருப்பதாக எனக்குத் தோன்றும்.

எனவே வரிசையைப் பற்றி என் பரிந்துரை: முதல் நாள் பழைய கோவா, மறுநாளே போண்டா. இடையில் வேறு எதையும் நுழைக்காதீர்கள். பழைய கோவாவிலிருந்து போண்டா செல்லும் சாலையில், புனித பவுல் கல்லூரியின் முகப்பு வாயில் மட்டும் தனியாக நிற்பதைக் காண்பீர்கள். இந்தியாவின் முதல் அச்சு இயந்திரம் 1556இல் அந்தக் கல்லூரியில்தான் இயங்கத் தொடங்கியது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ் நூலுக்கான எழுத்துகளில் ஒரு தொகுதி அதற்கு முந்தைய ஆண்டு கோவாவில் வார்க்கப்பட்டது. தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் அந்த வாயிலில் ஐந்து நிமிடமாவது வண்டியை நிறுத்த வேண்டும். அங்கே வேறு எதுவும் இல்லை. ஆனாலும் நிறுத்த வேண்டும்.

கலங்கரை (மறுமொழி):

கோட்டைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன். உங்கள் தாயாரோடு செல்லத்தக்கது அகுவாடா. 1612இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கோட்டையின் வாயில் வரை வண்டி செல்லும். உள்ளே பெரும்பாலும் சமதரை. ‘அகுவா’ என்றால் போர்த்துக்கீசிய மொழியில் தண்ணீர்; நெடும்பயணம் செய்த கப்பல்கள் இங்கே நின்று நன்னீர் நிரப்பிக்கொண்டதால் வந்த பெயர் அது. முற்றத்தின் அடியில் இருக்கும் நீர்த்தொட்டி ஏறத்தாழ 24 இலட்சம் காலன் கொள்ளும். நடுவில் நிற்கும் பழைய கலங்கரை விளக்கம் 1864இல் கட்டப்பட்டது. நிழல் அறவே இல்லை என்பதால் மாலை நான்கு மணிக்குப் பிறகு செல்லுங்கள். கீழே கடலை ஒட்டி இருக்கும் பழைய சிறைச்சாலையில் விடுதலைப் போராட்ட வீரர்கள் அடைக்கப்பட்டிருந்தார்கள்; அது இப்போது அருங்காட்சியகமாகியிருக்கிறது. மேல் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பலருக்குக் கீழே இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

மாண்டவி ஆற்றின் முகத்துவாரத்தைக் காத்த ரெய்ஸ் மாகோஸ் கோட்டை இன்னும் பழையது, 1551ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீரமைக்கப்பட்டு 2012இல் திறக்கப்பட்டது. கோவாவின் புகழ்பெற்ற கேலிச்சித்திரக்காரர் மரியோ மிராண்டாவின் ஓவியங்களும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. ஏற்றம் சற்றுக் கடுமையானது. தாயாரைக் கீழே இளைப்பாற விட்டுவிட்டு நீங்கள் ஏறலாம். சப்போராவுக்கு அவரை அழைத்துச் செல்ல வேண்டவே வேண்டாம்: பெயர்ந்த கற்களின் மேல் செங்குத்தாக ஏற வேண்டும், மேலே சுற்றுச்சுவர் தவிர எஞ்சியிருப்பது மிகக் குறைவு. தென்கோடியில் உள்ள காபோ த ராமா, தரைமட்டமாக நடந்து பார்க்கக்கூடியது. இராமன் வனவாசத்தின்போது தங்கிய இடம் என்பது ஊரார் நம்பிக்கை. ஆனால் அதற்காகத் தனியாக அரைநாள் ஒதுக்க வேண்டியிருக்கும்.

போக்குவரத்தைப் பொறுத்தவரை, நால்வருக்கும் சேர்த்து ஓட்டுநரோடு கூடிய கார் ஒன்றை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்வதே நல்லது. நீங்களும் மகளும் மட்டும் எங்கேனும் செல்ல ஸ்கூட்டர் எடுத்தால், எண்பலகை கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்தாக இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். ஓட்டுநர் இல்லாமல் வாடகைக்கு விட உரிமம் பெற்ற வண்டியின் அடையாளம் அதுதான். விலை குறைவு என்று வெள்ளைப் பலகை வண்டியை ஒருவரிடம் வாங்கிச் சென்று, வழியில் காவலரிடம் தண்டம் கட்டியவன் நான். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது, உரிமையாளர் அந்தத் தொகையைப் பற்றி எதுவுமே காதில் விழாதவர் போல இருந்துவிட்டார்.

வைகறைப்பயணி:

மூவருக்கும் மிக்க நன்றி. பயணத்தை டிசம்பர் 6ஆம் தேதிக்குத் தள்ளி வைத்துவிட்டேன். முதல் நாள் பழைய கோவா, இரண்டாம் நாள் போண்டா, மூன்றாம் நாள் பனாஜியும் அகுவாடாவும் என்று முடிவாகிவிட்டது. நான்காம் நாளுக்குத்தான் வீட்டில் கருத்து வேறுபாடு. மனைவி தூத்சாகர் அருவியைப் பார்க்க வேண்டும் என்கிறார். நான் தம்ப்டி சுர்லா மகாதேவர் கோவிலையும் சாந்தோரில் உள்ள பழைய மாளிகையையும் பார்க்கலாம் என்கிறேன். மூன்றையும் ஒரே நாளில் பார்க்க இயலுமா?

சுவடிக்காரர்:

இயலாது, முயலவும் வேண்டாம். தூத்சாகர் 310 மீட்டர் உயரத்திலிருந்து நான்கு அடுக்காக விழும் அருவி; டிசம்பரில் நீர் இருக்கும். ஆனால் குலேமில் ஜீப்புக்குக் காத்திருந்து, காட்டுப் பாதையில் குலுங்கிச் சென்று, கடைசியில் பாறைகளின் மேல் நடந்து சேர வேண்டும். உங்கள் தாயாரின் முழங்காலுக்கு அது ஏற்றதன்று.

தம்ப்டி சுர்லாவுக்குச் செல்லும் வழி முழுவதும் நல்ல சாலை. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் போதும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரக் காட்டுக்குள், ஓர் ஓடையின் கரையில், கதம்பர் காலத்துக் கோவில் ஒன்று சேதமின்றித் தப்பியிருக்கிறது. பன்னிரண்டு அல்லது பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கோவாவில் எங்கு பார்த்தாலும் செம்புரைக்கல்லாக இருக்க, இது மட்டும் கரிய எரிமலைப் பாறையால், சாந்து இல்லாமல் கல்லோடு கல் பொருத்திக் கட்டப்பட்டது. கடலோரக் கோவில்கள் அனைத்தும் அழிந்தபோது இது எஞ்சியதற்குக் காரணம் இதன் தொலைவுதான். மண்டபத்தில் தலை உடைந்த நந்தி ஒன்று இருக்கிறது. தூண் ஒன்றின் அடியில் குதிரையை மிதிக்கும் யானை செதுக்கப்பட்டிருப்பதை மகளைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மிகச் சிறிய கோவில். அரை மணியில் பார்த்துவிடலாம், ஆனால் யாரும் அரை மணியில் கிளம்புவதில்லை.

செம்புரைக்கல்:

சாந்தோரைப் பற்றி நான் சொல்கிறேன். அங்கே உள்ள பிரகான்சா மாளிகை அருங்காட்சியகம் அன்று, இன்றும் குடும்பத்தார் வாழும் வீடு. இரண்டு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒவ்வொன்றிலும் பராமரிப்புக்காக நன்கொடை கொடுப்பது வழக்கம். மேற்குப் பகுதியில் இதழாளர் லூயிஸ் டி மெனெசெஸ் பிரகான்சாவின் பெரிய நூலகம் இருக்கிறது. போர்த்துக்கீசிய ஆட்சியில் இருந்துகொண்டே அதைத் துணிவுடன் எதிர்த்து எழுதியவர் அவர். கிழக்குப் பகுதியின் வீட்டுச் சிற்றாலயத்தில் சவேரியாரின் நகம் ஒன்று பாதுகாக்கப்படுவதாகச் சொல்வார்கள். பழைய கோவா வீடுகளின் சன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாகச் சிப்பி ஓடுகளை மெலிதாகத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தியிருப்பார்கள்; வெயில் அதன் வழியே பால் நிறத்தில் உள்ளே இறங்கும். படம் எடுக்கும் முன் வீட்டாரிடம் கேட்டுவிடுங்கள்.

அதையே பனாஜியின் பொந்தைன்யாஸ் தெருக்களுக்கும் சொல்வேன். மஞ்சளும் நீலமும் பூசிய அந்த வீடுகளின் திண்ணையில் ஏறி நின்று படம் எடுப்பவர்களால் அங்கே வாழ்பவர்கள் வெகுவாகச் சலித்துப்போயிருக்கிறார்கள். அங்குள்ள புனித செபஸ்தியார் சிற்றாலயத்தில், முன்பு மதவிசாரணை மன்றத்தில் இருந்த சிலுவை இருக்கிறது. வழக்கமாகச் சிலுவையில் தொங்கும் இயேசுவின் கண்கள் மூடியிருக்கும், இதில் திறந்திருக்கும். சுவடிக்காரர் சொன்ன அந்த மன்றத்தின் பொருள்களில் உங்களால் எளிதாகப் பார்க்க முடிவது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

நான்காம் நாள் காலையில் தம்ப்டி சுர்லா, பிற்பகலில் சாந்தோர் என்று வைத்துக்கொண்டால் பயணத் தொலைவு அதிகமாகும். ஆனால் பெரும்பகுதி வண்டியிலேயே கழியும் என்பதால் தாயாருக்குச் சிரமம் இராது.

சுவடிக்காரர்:

முதல் நாள் பிற்பகலில் நேரம் மிஞ்சினால் ஒரு சிறு சேர்க்கை. பழைய கோவாவின் வைஸ்ராய் வளைவைத் தாண்டினால் படகுத்துறை வரும். அங்கிருந்து மாண்டவியைக் கடந்து திவார் தீவுக்குப் படகு செல்கிறது. நடந்து ஏறுபவர்களுக்குக் கட்டணம் இல்லை, கார்களையும் ஏற்றிக்கொள்வார்கள். கதம்ப அரசர்களின் குலதெய்வமான சப்தகோடீசுவரர் கோவில் முதலில் அந்தத் தீவில்தான் இருந்தது. பாமினி சுல்தான்களின் காலத்தில் ஒருமுறை அழிந்து, விஜயநகர ஆட்சியில் மீண்டும் எழுந்து, போர்த்துக்கீசியர் காலத்தில் மறுபடியும் இடிக்கப்பட்டபோது, லிங்கத்தை ஆற்றின் எதிர்க்கரையில் உள்ள நார்வே கிராமத்துக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே 1668இல் சிவாஜி கோவிலைத் திருப்பிக் கட்டச் செய்தார். அண்மையில் கோவா அரசு அதைச் சீரமைத்திருக்கிறது. ஓடு வேய்ந்த தாழ்வான கூரையும் சிறிய குவிமாடமும் கொண்ட அடக்கமான கோவில்.

தீவின் மறுகோடியிலிருந்து நார்வேக்கும் படகு உண்டு. போண்டா கோவில்களுக்கு வண்டியில் செல்லும்போது தெய்வங்கள் ஆற்றைக் கடந்தன என்பது வெறும் செய்தியாக இருக்கும். இங்கே அந்த வழியிலேயே நீங்களும் கடப்பீர்கள். படகு அக்கரையைத் தொடுவதற்குச் சில நிமிடம்தான் ஆகும். கடைசிப் படகு எப்போது என்று துறையில் கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

வைகறைப்பயணி:

முதல் நாள் பிற்பகலில் வேறு எதையும் வைக்கவில்லை. வண்டியைத் திவார் வழியாகவே நார்வேக்குக் கொண்டு செல்லும்படி ஓட்டுநரிடம் சொல்லிவிட்டேன். தாயார் இப்போதே, மங்கேஷிக்கு முன்னால் சப்தகோடீசுவரரைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.